பழைய கணினியும் புதிய எஸ்.எஸ்.டி.யும்

நுழையும்முன்

கணினி பழுதானால் வேறொன்று வாங்கலாம். அதனுள் இருக்கும் குரலையும் படத்தையும் கடிதத்தையும் எந்தக் கடையிலும் வாங்க இயலாது. பழைய கணினி ஒன்றின் வேகத்தைக் கூட்டும்போது, அதனுள் இருப்பவை குலையாமல் காப்பது எவ்வாறு என்பதை இப்பாடம் விளக்குகிறது.

தில்லியில் அரசுக் குடியிருப்பு ஒன்றில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளலாம். தந்தை மதுரைப் பக்கத்துச் சிற்றூரைச் சேர்ந்தவர். மகள் பத்தாம் வகுப்பிலும் மகன் ஏழாம் வகுப்பிலும் பயில்கின்றனர். கூடத்தின் மூலையில் பத்து ஆண்டுகள் உழைத்துக் களைத்த மேசைக்கணினி ஒன்று இருக்கிறது. பொத்தானை அழுத்திவிட்டுத் தேநீர் போட்டுக் குடித்து முடித்தாலும் அது முழுமையாக விழித்தெழுவதில்லை.

“இதைக் கபாடிவாலாவிடம் போட்டுவிடலாம், அப்பா” என்றான் மகன்.

“வேண்டாம், தம்பி. அப்பத்தா உனக்குப் பாடிய தாலாட்டு இதில்தான் இருக்கிறது” என்றாள் அக்காள்.

அவன் கைக்குழந்தையாக இருந்தபோது ஊரில் தந்தை தம் கைப்பேசியில் பதிவு செய்தவை அவை. தாலாட்டு, நடவுப்பாட்டு, நரிக்கதை எனப் பதினொரு ஒலிக்கோப்புகள். அந்தக் கைப்பேசி எப்போதோ பழுதாகிவிட்டது. அப்பத்தாவும் இப்போது இல்லை. கணினியில் இருப்பது மட்டுமே எஞ்சிய ஒரே படி. ஆகவே, கணினியைத் தூக்கி எறிவதற்கு மாறாக, அதில் எஸ்.எஸ்.டி. ஒன்றைக் கூடுதலாகப் பொருத்துவதென அக்குடும்பம் முடிவு செய்தது.

கணினி ஏன் சோம்பியது?

கணினியின் கோப்புகள் யாவும் வன்தட்டில் இருக்கின்றன. கடைகளில் இதனை ஹார்டு டிஸ்க் என்பர். பெயருக்கேற்ப அது தட்டே. காந்தப் பூச்சுடைய வட்டத் தட்டுகள் சுழன்றுகொண்டே இருக்க, மெல்லிய கரம் ஒன்றின் நுனியில் உள்ள தலை அவற்றின்மேல் நகர்ந்து செய்தியைப் படிக்கிறது, எழுதுகிறது. தலை தட்டைத் தொடுவதில்லை. இரண்டிற்கும் இடையே உள்ள இடைவெளி தலைமயிரின் தடிமனைவிட ஆயிரக்கணக்கான மடங்கு சிறியது. ஓடும் வன்தட்டைத் தட்டவோ நகர்த்தவோ கூடாது என்பது இதனால்தான்.

1956ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அவை அனைத்தும் சேர்ந்து ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துகளையே கொண்டன. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒற்றைப் படமே அந்த அளவினதாக இருக்கலாம். கொள்ளளவு இவ்வாறு பன்மடங்கு பெருகியபோதிலும், தட்டு சுழல வேண்டும், தலை நகர வேண்டும் என்னும் அடிப்படை மாறவில்லை. சோம்பலுக்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது.

மேசைக்கணினியின் வன்தட்டு பெரும்பாலும் நிமிடத்திற்கு 7200 முறை சுழலும். நொடிக்கு 120 சுற்று. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 8.3 மில்லிநொடி ஆகிறது. வேண்டிய செய்தி தலைக்கு நேர்கீழே வந்து சேரச் சராசரியாக அரைச்சுற்று, அதாவது 4 மில்லிநொடிக்குச் சற்று மேல், காத்திருக்க வேண்டும். தலை உரிய தடத்திற்கு நகர்வதற்கு மேலும் எட்டு, ஒன்பது மில்லிநொடிகள் ஆகும். இரண்டையும் கூட்டினால் ஒரு செய்தித் துணுக்கிற்கு 12, 13 மில்லிநொடி. இது கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவுதான். எனினும், கணினி விழித்தெழும்போது தட்டின் பல மூலைகளிலும் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான துணுக்குகளைத் தேடிச் சேர்க்க வேண்டியுள்ளது. ஒரு நொடிக்கு எண்பது துணுக்குகளே கிடைக்குமானால், ஐந்து நிமிடம் ஆவதில் வியப்பில்லை. கணினியின் மூளை அந்நேரம் முழுவதும் வேலையின்றிக் காத்திருக்கிறது.

எஸ்.எஸ்.டி. என்பது திண்மநிலைச் சேமிப்பகம். அதில் சுழலும் தட்டு இல்லை. நகரும் கரமும் இல்லை. நுண்ணிய கோடிக்கணக்கான அறைகளில் மின்னூட்டத்தைச் சிறைப்படுத்தி வைக்கும் சில்லுகளே உள்ளன. மின்சாரத்தை நிறுத்தினாலும் அந்த மின்னூட்டம் அறைக்குள்ளேயே தங்கும். ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தின் பொறியாளராக இருந்த ஃபுஜியோ மசுவோகா 1980களில் உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகமே இதன் அடிப்படை. பென்டிரைவில் இருப்பதும் கைப்பேசியில் இருப்பதும் அதே இனத்தைச் சேர்ந்த சில்லுகளே. ஒரு துணுக்கைத் தேடி எடுக்க எஸ்.எஸ்.டி.க்கு ஒரு மில்லிநொடியில் பத்தில் ஒரு பங்கு போதும். அதாவது, தேடும் நேரம் நூறில் ஒரு பங்காகக் குறைகிறது.

புதியது எல்லா வகையிலும் மேலானது என்று எண்ணிவிடலாகாது. எஸ்.எஸ்.டி.யின் ஒவ்வோர் அறையிலும் குறிப்பிட்ட முறைகளே அழித்து எழுத முடியும். வீட்டுப் பயன்பாட்டில் அவ்வெல்லையை எட்டப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால் இதற்காக அஞ்ச வேண்டியதில்லை. மின்னிணைப்பே இன்றி நெடுங்காலம் பெட்டியில் கிடந்தால் அறைகளில் உள்ள மின்னூட்டம் மெல்லக் கசியக்கூடும். இவற்றைவிடக் கருத வேண்டியது மற்றொன்று. வன்தட்டில் தவறுதலாக அழித்த கோப்பை, அதன்மேல் வேறொன்று எழுதப்படாதவரை, மீட்டெடுக்கப் பெரும்பாலும் வழியுண்டு. எஸ்.எஸ்.டி.யில் அழித்த கோப்பின் அறைகளைக் கணினி அடுத்த பயன்பாட்டிற்காகத் தானே துடைத்து வைத்துவிடுகிறது. அங்குப் போனது பெரும்பாலும் போனதே.

வாங்கும்போது

தந்தையும் பிள்ளைகளும் ஞாயிறன்று நேரு பிளேசுக்குச் சென்றனர். கணினி உறுப்புகளுக்குச் சென்னையில் ரிச்சி தெரு போலத் தில்லியில் நேரு பிளேஸ். எஸ்.எஸ்.டி. இரு வடிவங்களில் கிடைக்கிறது. ஒன்று, உள்ளங்கையில் அடங்கும் இரண்டரை அங்குலப் பெட்டி; வன்தட்டைப் போலவே சாட்டா வடத்தால் தாய்ப்பலகையோடு இணைவது. மற்றொன்று, சூயிங்கம் பட்டையைப் போன்ற எம்.2 வகை, 22 மில்லிமீட்டர் அகலமும் பெரும்பாலும் 80 மில்லிமீட்டர் நீளமும் உடையது. இதனைத் தாய்ப்பலகையிலேயே செருகித் திருகாணியால் இறுக்குவர். எம்.2 வகையில் மிகு வேகம் உடையவை உண்டு. ஆயினும், இக்குடும்பத்தின் கணினியில் அதற்குரிய பொருத்துவாய் இல்லை. புறப்படுமுன் கணினியின் பக்கத் தகட்டைத் திறந்து தாய்ப்பலகையை ஒளிப்படம் எடுத்து வந்திருந்தாள் மகள். கடைக்காரர் அப்படத்தைப் பார்த்துச் சாட்டா வகையில் 500 ஜிபி கொள்ளளவுள்ள ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

விலை கொடுத்துப் புறப்படும் வேளையில், “வடம்?” என்று கேட்டான் மகன். எஸ்.எஸ்.டி.யின் பெட்டிக்குள் வடம் இருப்பதில்லை. அவன் கேட்டிராவிட்டால் இன்னொரு ஞாயிறு வீணாகியிருக்கும்.

(சொல் அறிவோம்: வடம் என்பது பல புரிகளை முறுக்கிச் செய்த தடித்த கயிறு. தேரை இழுப்பது தேர்வடம். பல கம்பிகளை ஒன்றாகப் பொதிந்த மின்கயிற்றுக்கும் இன்று அச்சொல்லே வழங்குகிறது.)

செய்து பார்க்க

500 ஜிபி என்று உறையில் அச்சிடப்பட்ட எஸ்.எஸ்.டி.யைக் கணினி 465 ஜிபி என்றே காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. உற்பத்தியாளர் ஒரு ஜிபியை 100,00,00,000 பைட்டுகளாகக் கணக்கிடுகிறார். விண்டோஸோ 1024ஐ மூன்று முறை பெருக்கி வரும் 107,37,41,824 பைட்டுகளையே ஒரு ஜிபியாகக் கொள்கிறது. முதல் எண்ணை 500ஆல் பெருக்கி இரண்டாம் எண்ணால் வகுத்தால் விடை வரும். 1000 ஜிபி வன்தட்டைக் கணினி எவ்வளவாகக் காட்டும் என்பதைக் கண்டு குறிப்பேட்டில் எழுதி வைக்கவும். இரண்டு எண்களும் பின்னர்த் தேவைப்படும்.

முதலில் படியெடுத்தல்

வீடு திரும்பியவுடன் திருப்புளியைத் தேடினான் மகன். தந்தை தடுத்தார். கணினியைத் திறக்குமுன் செய்ய வேண்டிய பணியே பெரும்பணி. அதனைச் செய்து முடித்துவிட்டால் எஞ்சியது கைவேலைதான்.

வன்தட்டில் இருப்பவை இரு வகைப்படும். விண்டோஸ் முதலிய மென்பொருள்கள் ஒரு வகை. அவை அழிந்தால் மீண்டும் நிறுவிக்கொள்ளலாம். குடும்பத்தார் தாமே உருவாக்கியவை மற்றொரு வகை. இரண்டாம் வகைக்கு உலகில் வேறு படி கிடையாது. அவற்றை வெளியே வைத்து இணைக்கும் தனி வன்தட்டு ஒன்றில் முதலில் படியெடுக்க வேண்டும்.

படியெடுப்பது வேறு, இடம் மாற்றுவது வேறு. கோப்பை வெட்டி ஒட்டினால் அது ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குப் போகிறது. முன்பும் ஒன்று, பின்பும் ஒன்று. நடுவில் மின்சாரம் நின்றால் எது எங்கே நின்றது என்பதும் குழப்பமாகும். நகலெடுத்து ஒட்டினால்தான் ஒன்று இரண்டாகிறது.

எங்கெங்கே தேடுவது? ‘டி’ என்னும் பிரிவில் வைத்ததைப் பலரும் நினைவில் கொள்வர். ஆனால் மேசைத்திரையில் குவித்து வைத்தவையும், ‘ஆவணங்கள்’, ‘படங்கள்’, ‘பதிவிறக்கங்கள்’ ஆகியவற்றில் உள்ளவையும் வழக்கமாக விண்டோஸ் இருக்கும் ‘சி’ பிரிவிலேயே தங்கும். அப்பத்தாவின் பாட்டு அங்குத்தான், மேசைத்திரையில், ‘புதிய கோப்புறை’ என்று பெயர்கூட வைக்கப்படாத ஒன்றனுள் கிடந்தது. வீடுகளில் விலைமதிப்பற்றவை பெரும்பாலும் இத்தகைய கோப்புறைகளிலேயே கிடக்கின்றன.

படியெடுக்க வேண்டியவை மொத்தம் 180 ஜிபி. நொடிக்கு 100 எம்பி வேகத்தில் சென்றால் அரைமணி நேரம்; பழைய யு.எஸ்.பி. வாயில் செருகினால் அதைப் போல மூன்று மடங்கு ஆகும். உட்புறம் நீல நிறமுடைய வாய் பெரும்பாலும் விரைவானது. தந்தை அதிலேயே செருகிவிட்டு, மாலைச் செய்தி கேட்க அமர்ந்தார். சற்று நேரத்தில் திரையில் ஓர் அறிவிப்பு எழுந்தது. அதை முழுமையாகப் படியாமலே, ‘எல்லாவற்றுக்கும் இவ்வாறே செய்க’ என்பதைக் குறித்து, ‘தவிர்’ என்பதை அழுத்தினார். பணி முடிந்ததாகக் கணினி காட்டியது.

மகள் மட்டும் எண்ணிப் பார்த்தாள். கோப்புறையின்மேல் வலப்பொத்தானை அழுத்தி, ‘பண்புகள்’ என்பதைத் தேர்ந்தால் உள்ளே எத்தனை கோப்புகள் உள்ளன என்று தெரியும். மூலத்தில் 41,326. படியில் 41,323.

“மூன்றுதானே, அக்கா?” என்றான் தம்பி.

“எந்த மூன்று என்று பார்த்துவிட்டுச் சொல்” என்றாள் அவள்.

ஒப்புநோக்கியபோது விடை கிடைத்தது. குறைந்த மூன்றும் அந்தப் பெயரில்லாக் கோப்புறையின் உள்ளே, அதனுள் இருந்த மற்றொன்றின் உள்ளே, அதனினும் உள்ளே இருந்த ஒலிக்கோப்புகள். ஊரின் பெயர், விழாவின் பெயர், பாட்டின் முதலடி என அனைத்தையும் தமிழிலேயே எழுதித் தந்தை அவற்றுக்கு நீண்ட பெயர் சூட்டியிருந்தார். விண்டோஸில் ஒரு கோப்பின் பெயரும், அது இருக்கும் கோப்புறைகளின் பெயர்களும் சேர்ந்த முழுமுகவரி பொதுவாக 260 குறிகளுக்குள் அடங்க வேண்டும். தமிழில் இவ்வெல்லை விரைவில் நிரம்பிவிடும். ‘தாலாட்டு’ என்பது நமக்கு நான்கு எழுத்துகள். கணினிக்கோ எட்டுக் குறிகள். உயிர்மெய்யின் காலும் கொம்பும், மெய்யின் புள்ளியும் அதற்குத் தனித்தனிக் குறிகளே. புதிய இடத்தில் முகவரி மேலும் நீண்டதால் அம்மூன்றும் எல்லையைக் கடந்துவிட்டன. தந்தை படிக்காமல் தவிர்த்த அறிவிப்பு கூறியது அதையே.

கோப்புறைகளின் பெயர்களைச் சுருக்கி மீண்டும் படியெடுத்தனர். எண்ணிக்கை ஒத்தது. எண் ஒத்தாலும் போதாதென்று, படியிலிருந்த பதினொரு ஒலிக்கோப்புகளையும் வேறொரு மடிக்கணினியில் திறந்து, தொடக்கம் முதல் இறுதிவரை கேட்டனர். ஏழாவது பாட்டில் அப்பத்தா நடுவே நிறுத்தி, “பிள்ளை தூங்கிருச்சா?” என்று கேட்கிறார். தன்னைப் பற்றிய அந்தக் கேள்வியை மகன் முதன்முறையாகக் கேட்டான். அதை மட்டும் இருமுறை ஓட்டச் சொன்னான்.

இவ்வாறு மூலத்தையும் படியையும் ஒப்பிட்டுப் பார்ப்பது தமிழுக்குப் புதிதன்று. பனையோலை சில நூற்றாண்டுகளுக்குமேல் தாங்குவது அரிது. ஆகவே, ஏடு சிதையுமுன் புதிய ஏட்டில் படியெடுப்பதும், ஒருவர் படிக்க மற்றவர் சரிபார்ப்பதும் வழக்கமாயிருந்தன. படியெடுத்தபின் பழைய ஏட்டை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடுவதும் உண்டு. பிற்காலத்தில் படியெடுக்கும் வழக்கம் குறைந்தது. ஆற்றில் விடும் வழக்கமோ நிற்கவில்லை. அவ்வாறு நீரில் போன ஏடுகளை எண்ணி வருந்தியவர்களுள் ஒருவர் உ.வே. சாமிநாதையர். 1887ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியை அச்சேற்றுவதற்கு அவர் பல ஊர்களின் ஏட்டுப் பிரதிகளைத் தேடித் தொகுத்து ஒப்புநோக்கினார். ஓர் ஏட்டில் சிதைந்தது மற்றோர் ஏட்டில் இருந்தது.

பொருத்துதல்

கணினியை முறைப்படி நிறுத்தி, மின்வடத்தைச் சுவரிலிருந்து பிடுங்கி, தொடக்கப் பொத்தானை ஒருமுறை அழுத்த வேண்டும். உள்ளே எஞ்சியுள்ள மின்சாரம் இதனால் வடியும். தில்லிக் குளிர்காலத்தில் மற்றொரு கவனமும் வேண்டும். காற்று உலர்ந்திருக்கும்போது கம்பளிச் சட்டை உடலோடு உராய்ந்து நிலைமின்சாரம் சேர்கிறது. கதவின் கைப்பிடியைத் தொட்டவுடன் சுள்ளென்று தாக்குவது அதுவே. கைக்கு அது சிறு குத்தல். சில்லுக்கு அது கேடாகலாம். கம்பளிச் சட்டையைக் கழற்றிவிட்டு, கணினிப் பெட்டியின் பூச்சற்ற உலோகப் பகுதியைத் தொட்டபின்பே உறுப்புகளைத் தொட வேண்டும்.

சாட்டா வடத்தின் முனையும் எஸ்.எஸ்.டி.யின் வாயும் ‘ட’ எழுத்தைப் போல ஒரு மூலையில் மடங்கியிருக்கும். மடிப்புக்கு மடிப்பு பொருந்தினால் மட்டுமே உள்ளே செல்லும். அழுத்தித் திணித்தால் உடையும். குறுகிய வடம் செய்திக்கு, அகன்றது மின்சாரத்திற்கு. அகன்ற வடம் பெரும்பாலும் கணினியின் மின்வழங்கியிலிருந்தே உபரியாகத் தொங்கிக்கொண்டிருக்கும். எஸ்.எஸ்.டி.யில் அசையும் உறுப்பு இல்லாததால் எந்தக் கோணத்தில் பொருத்தினாலும் தீங்கில்லை.

அடுத்துத் தந்தை செய்தது பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. பழைய வன்தட்டின் இரு வடங்களையும் கழற்றி ஒதுக்கி வைத்தார். “அதில்தானே எல்லாம் இருக்கிறது, ஏன் கழற்றுகிறீர்கள்?” என்று மகள் கேட்டாள். “அதில் எல்லாம் இருப்பதால்தான், அம்மா” என்றார் அவர்.

கோப்புகள் அழிவது பெரும்பாலும் திருப்புளியால் அன்று, ஒரு சொடுக்கால். விண்டோஸை நிறுவும்போது, ‘எந்த வட்டில் நிறுவ வேண்டும்?’ என்று கணினி கேட்கும். வட்டு 0, வட்டு 1 என இரண்டு வரிகள் தோன்றும். அவை பெரும்பாலும் எண்களால் மட்டுமே வேறுபடும். எதில் குரல் இருக்கிறது, எது வெறுமை என்று திரை சொல்லாது. தவறான வரியைத் தேர்ந்து அழித்துவிட்டால் பத்து ஆண்டுகள் அரை நிமிடத்தில் போய்விடும். முன்னர்க் குறிப்பேட்டில் எழுதிய இரு எண்களும் இங்கு உதவும்: 465க்கு அருகில் இருப்பது புதியது, 931 என இருப்பது பழையது. ஆயினும் இரவு பதினொரு மணிக்குக் களைத்த கண்கள் எண்ணை மாற்றிப் படிக்கக்கூடும். வடம் கழற்றிய வட்டோ திரையில் தோன்றவே தோன்றாது. இரண்டு வழிகளில் இதுவே நம்பத்தக்கது.

மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து பெற்ற நிறுவல் மென்பொருளை மடிக்கணினியின் உதவியால் 8 ஜிபி பென்டிரைவில் முன்பே ஏற்றி வைத்திருந்தனர். திரையில் ஒரே ஒரு வட்டு, ‘ஒதுக்கப்படாத இடம்’ என்னும் குறிப்புடன் தோன்றியது. நிறுவல் தடையின்றி முடிந்தது. கணினி இப்போது அரை நிமிடத்திற்குள் விழித்தது. தேநீருக்கு நேரமில்லை என்று தாய் சிரித்தார்.

பின்னர் மீண்டும் மின்சாரத்தை நிறுத்திப் பழைய வன்தட்டை இணைத்தனர். இரு வட்டுகளிலும் விண்டோஸ் இருப்பதால், எதிலிருந்து தொடங்குவது என்பதைப் பயோஸ் அமைப்பில் குறிக்க வேண்டும், எஸ்.எஸ்.டி.யை முதலில் வைத்தனர். பழைய ‘சி’ பிரிவு இப்போது ‘இ’ என்னும் எழுத்தைப் பெற்றது. எழுத்து மாறியதே தவிர உள்ளே எதுவும் மாறவில்லை. பழைய பயனர் கோப்புறையைத் திறக்கும்போது, ‘தங்களுக்கு அனுமதி இல்லை’ என்று ஒருமுறை தோன்றலாம். ‘தொடர்க’ என்று அழுத்தினால் திறக்கும். ஆனால், ‘இவ்வட்டை வடிவமைக்க வேண்டுமா?’ என்றோ, ‘தொடக்கநிலைப்படுத்த வேண்டுமா?’ என்றோ பழைய வட்டைக் குறித்துக் கேட்டால் ‘வேண்டாம்’ என்பதே விடை. அவ்விரு சொற்களும் வட்டை வெறுமையாக்குதலின் நாகரிகப் பெயர்கள்.

மடிக்கணினியில் இம்முறை எப்போதும் பொருந்தாது. பல மடிக்கணினிகளில் ஒரு வட்டுக்கே இடமுண்டு. அங்குப் புதிய எஸ்.எஸ்.டி.யை யு.எஸ்.பி. உறையில் இட்டு வெளியே இணைத்து, பழைய வட்டை விண்டோஸோடு அப்படியே அச்சுப்பிசகாமல் அதில் படியெடுத்து, பிறகு வட்டை மாற்றுவர். இதனைக் குளோனிங் என்பர். மென்பொருள்களை மீண்டும் நிறுவ வேண்டாம் என்பது இதன் நன்மை. மூலம் எது, இலக்கு எது என்பதை மாற்றிக் குறித்தால் வெறுமை முழுமையின்மேல் எழுதப்பட்டுவிடும் என்பது இதன் இடர். மேலும், சில மடிக்கணினிகளில் பிட்லாக்கர் என்னும் மறைகுறிப் பூட்டு இருக்கும். அதன் 48 இலக்க மீட்பு எண்ணை முன்பே எழுதி வைக்காதவர் தம் கோப்புகளுக்குத் தாமே அயலாராகி நிற்க நேரிடும்.

எஞ்சிய ஒரு கடிதம்

ஒரு வாரம் கழிந்தது. எஸ்.எஸ்.டி.யில் விண்டோஸும் மென்பொருள்களும் இருந்தன. கோப்புகள் பழைய வன்தட்டிலேயே இருந்தன. வெளி வன்தட்டில் அவற்றின் படி இருந்தது. பாட்டுகளை மட்டும் மூன்றாவது படியாகப் பென்டிரைவில் இட்டு மதுரையிலுள்ள சித்தப்பாவுக்கு அனுப்பினர். ஒரே வீட்டில் எத்தனை படிகள் இருந்தாலும் அந்த வீட்டின் கூரை ஒன்றுதான்.

“இனிப் பழைய வன்தட்டைத் துடைத்துவிடலாமா? அதில் விளையாட்டுகளை ஏற்றலாமே” என்றான் மகன். படி இருக்கிறது, எண்ணிக்கை ஒத்தது, பாட்டுகளைக் கேட்டாயிற்று. தந்தையும் ஏறக்குறைய உடன்பட்டார். அதற்குமுன் ஒருமுறை கடிதங்களையும் திறந்து பார்க்கலாம் என்றாள் மகள்.

ஓய்வுபெற்றபின் கணினித் தட்டச்சுப் பழகிய தாத்தா, ஊரிலிருந்து மின்னஞ்சலில் அனுப்பிய கடிதம் அது. கோப்பு திறந்தது. திரையில் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் பொருளின்றி வரிவரியாக நின்றன. மகன் பதறினான். கோப்பு கெட்டுவிட்டது என்றே அனைவரும் எண்ணினர்.

கோப்பு கெடவில்லை. இக்காலத்தில் கணினித் தமிழுக்கு ஒருங்குறி என்னும் பொதுமுறை உள்ளது. ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் உலகெங்கும் ஒரே எண். அது பரவுமுன் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்தனர். அவற்றில் கோப்பிற்குள் பதிவது ஆங்கில எழுத்தின் எண்ணே; எழுத்துரு அவ்விடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை வரைந்து காட்டும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உருவம் மறைந்து எண்ணுக்குரிய ஆங்கில எழுத்தே தோன்றும். பழைய கணினியில் பாமினி இருந்தது. புதிதாக நிறுவிய விண்டோஸில் இல்லை. எழுத்துருக்கள் விண்டோஸின் கோப்புறைக்குள் இருப்பதால், தம் கோப்புகளை மட்டும் படியெடுத்தபோது அவர்கள் அதை எடுக்கவில்லை. மீண்டும் நிறுவிக்கொள்ளலாம் என்று ஒதுக்கிய வகையிலேயே அதுவும் இருந்தது.

பழைய வன்தட்டு இன்னும் துடைக்கப்படவில்லை. மகள் ‘இ’ பிரிவைத் திறந்து, பழைய விண்டோஸ் கோப்புறையினுள் எழுத்துருக்கள் இருக்கும் இடத்தைத் தேடிப் பாமினியின் கோப்பைக் கண்டெடுத்தாள். அதைப் புதிய விண்டோஸில் நிறுவிவிட்டுக் கடிதத்தை மூடித் திறந்தாள்.

‘அன்புள்ள மகனுக்கு, இங்கு அனைவரும் நலம். இரண்டு நாளாக நல்ல மழை. கண்மாய் பாதி நிரம்பிவிட்டது’ என்று தொடங்கியது கடிதம். மகன் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்மாய் என்றால் என்ன என்று கேட்டான்.